செவ்வகத்திப்பூ சர்பத்தும் புத்தளத்து மாப்பிள்ளையும்

மாமி வீட்டில் ஒரு மருமகன் செய்யக்கூடாத காரியங்கள் பல உண்டு. அவற்றுள் முதலாவது இரசாயனவியல்.

இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லித் தரவில்லை. எங்கள் கரையில் கலியாணம் முடிந்தால் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. ஆண்தான் பையைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டில் புகுவான். நானும் அப்படித்தான் அக்கரைப்பற்றிலிருந்து கல்முனைக்கு வந்து சேர்ந்தேன். கையில் இரண்டு சேர்ட்டு, ஒரு பட்டச் சான்றிதழ், உள்ளூர்ப் பாடசாலையில் இரசாயனவியல் ஆசிரியர் நியமனம். மருமகன் வைத்தியர் என்றால் மாமாவுக்குப் பிறசர் பார்க்கலாம். சட்டத்தரணி என்றால் வேலிச் சண்டைக்கு உதவும். இரசாயனவியல் ஆசிரியரை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் என்ன செய்யும்? ஒரேயொரு தடவை, குளியலறைத் தரையில் இருந்த கறைக்கு என்ன போடலாம் என்று மாமி என்னிடம் கேட்டார். சொன்னேன். கறை போயிற்று. தரையில் இருந்த பூவேலைப்பாடும் போயிற்று. அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை.

கேட்காவிட்டால் என்ன, நானே சொல்லலாமே என்று முடிவெடுத்தேன். (என் வாழ்க்கையின் பெரும்பாலான சிக்கல்கள் இந்த வாக்கியத்தில்தான் தொடங்கியிருக்கின்றன.)

மாமி வீட்டு வளவில் மரங்களுக்குக் குறைவில்லை. கிணற்றடியில் முருங்கை, வாசலில் வேம்பு, குசினிப் பின்புறம் கிளி மூக்குப் போலச் சிவந்த பூக்களோடு ஒரு செவ்வகத்தி. மற்றவர்கள் அவற்றைக் கறியாகப் பார்த்தார்கள். நான் ஆய்வுகூடமாகப் பார்த்தேன். முருங்கைப்பூவை முட்டையும் துருவிய தேங்காய்ப்பூவும் போட்டுச் சுண்டி மாமி மேசையில் வைத்தால், பிளேட்டில் கை வைக்கும் முன்பே பாடம் தொடங்கிவிடும்.

"மாமா, இதுல புரதம் இரிக்கி, கல்சியம் இரிக்கி, பொட்டாசியம் இரிக்கி..."

மாமா நெல் வியாபாரி. அதிகம் கதைக்கமாட்டார். ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு கேட்டார்:

"உப்பு இரிக்கா மருமகன்?"

காரைதீவில் இருந்து வரும் சக ஆசிரியர் ஒருவர் காய வைத்த வேப்பம்பூ கொண்டுவந்து தந்தார். நெய்யில் வறுத்து ரசத்தில் ஒரு சிட்டிகை போடச் சொன்னார். கசப்பில்தான் மருந்தே இருக்கிறது என்று நான் ஒரு கைப்பிடி போட்டேன். அன்று இரவு எங்கள் வீட்டில் எல்லோரும் பாணும் சம்பலும் சாப்பிட்டார்கள். இலுப்பைப்பூவில் பாதிக்குமேல் சீனிதான் என்று நான் விளக்கியபோது, "ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரையாம், இந்த வீட்டுல சீனி டின் நிறைய இரிக்கி" என்று என் மனைவி ஃபஸ்லியா டின்னையே தூக்கிக் காட்டினாள்.

ஆனால் என் உயிர் செவ்வகத்தியில்தான் இருந்தது. அந்தப் பூவின் சிவப்புக்குக் காரணம் அந்தோசயனின் என்ற சாயப்பொருள். அதனிடம் ஓர் அழகான குணம் உண்டு. தேசிக்காய் போன்ற புளிப்பான பொருள் பட்டால் பளிச்சென்று சிவக்கும். சோடா போன்ற காரப்பொருள் பட்டால் நீலம் பாய்ந்து பச்சையாகும். பாடசாலையில் அமிலமா காரமா என்று காட்டும் பாசிச்சாயத்தாள் முடிந்துபோனால் (அது எப்போதும் முடிந்துதான் போயிருக்கும்) நான் இந்தப் பூவை அவித்த தண்ணீரில்தான் பிள்ளைகளுக்குப் பரிசோதனை காட்டுவேன். நிறம் மாறும்போது வகுப்பே "ஆ" என்று வாய் பிளக்கும். என் சொற்களுக்கு யாரும் வாய் பிளந்த இடம் உலகத்தில் அது ஒன்றுதான்.

இந்த நேரத்தில்தான் ஸம்ஹாவுக்கு மாப்பிள்ளை வந்தது.

ஸம்ஹா ஃபஸ்லியாவின் தங்கை. பிரதேச செயலகத்தில் வேலை. சவளக்கடைப் பக்கம் வாய்க்கால் வேலையைப் பார்க்க வந்த இஜாஸ் என்ற நீர்ப்பாசன உத்தியோகத்தர் ஒருவர், ஒரு கையொப்பத்துக்காக அவளுடைய மேசைக்கு வந்தார். பிறகு தேவையில்லாத கையொப்பங்களுக்கும் வந்தார். அதற்குமேல் எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் எழுதமாட்டேன். இருவருக்கும் பிடித்துப்போய், முறைப்படி பெரியவர்கள் கதைத்து, மாமாவும் மாமியும் சம்மதித்துவிட்டார்கள். இஜாஸின் வாப்பா மௌத்தாகிப் பல காலம். மிச்சம் இருந்தது அவருடைய உம்மாவின் சம்மதம் மட்டும்.

அங்கேதான் சிக்கல். இஜாஸ் புத்தளம். அந்த உம்மாவுக்கு ஒரே மகன். வெளியூர்க்காரர்களிடையே எங்கள் பகுதியைப் பற்றி ஒரு பழைய கதை உண்டு: மட்டக்களப்புப் பக்கம் போனவனுக்கு மருந்து கொடுத்துப் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள், பிறகு அவன் ஊர் திரும்பமாட்டான் என்று. (நாங்கள் இப்போது அம்பாறை மாவட்டம் என்று சொல்லிப் பயனில்லை. நிருவாக எல்லைகளை மந்திரம் மதிப்பதில்லை.) பெண் வீட்டில் மாப்பிள்ளை குடியேறுவது எங்களுக்குச் சாதாரண வழக்கம். வெளியூர்த் தாய்மாருக்கு அது பிள்ளை பிடிக்கும் வேலை. மாப்பிள்ளைக்கு நாங்கள் என்னவோ கலந்து கொடுக்கிறோம் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை.

பெண் பார்க்க வருவதற்கு முதல் நாள் ஸம்ஹா என்னிடம் வந்தாள்.

"மச்சான், நாளைக்கு உங்களுக்கு ஒரு வேலையும் இல்ல. சும்மா சிரிச்சிட்டு இரிங்க. அது போதும்."

"ஏன், நான் ஏதாச்சும்..."

"எனக்கு இது சரிவரணும் மச்சான்," என்றாள். அவள் அப்படிக் குரல் இறங்கிக் கதைத்து நான் கேட்டதில்லை. எப்போதும் என்னைப் பகிடி பண்ணுகிற பிள்ளை. எனக்கு மனம் இளகிவிட்டது. இந்தப் பிள்ளைக்காக ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று அந்த இடத்திலேயே உறுதி பூண்டேன். ஒன்றும் செய்யாதே என்று ஒருத்தி கெஞ்சுவதை இப்படியும் புரிந்துகொள்ளலாம் என்று காட்டியவன் நான்.

மறுநாள் காலையில் மாமி சர்பத்துக்கு ரோஸ் சிறப் போத்தலை எடுத்து வெளியே வைத்தார். நான் அதைத் தூக்கி லேபலைப் படித்தேன்.

"சாயம்! எல்லாம் செயற்கைச் சாயம் மாமி. படிச்ச குடும்பம் வருது. இதையா குடுக்கப் போறீங்க?"

மாமி இறைச்சியைப் பிசைந்துகொண்டிருந்தார். ஐந்து கிலோ புரியாணி தலைக்குமேல் இருக்கும்போது யாருக்குச் சாயத்தைப் பற்றி வாதாட நேரம்? "என்னவும் செய்ங்க மகன்" என்றார். அது சலிப்பில் வந்த சொல். நான் அதை அனுமதியாக எடுத்துக்கொண்டு செவ்வகத்தியில் ஏறினேன்.

பூவை அவிக்கும்போது ஃபஸ்லியா எட்டிப் பார்த்தாள். "நடுத்தண்ட எடுத்துட்டுப் போடுங்க. கசக்கும்."

"அதிலதான் சத்தே இரிக்கி," என்றேன். எனக்கு அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அந்தத் தண்டில் இருப்பது சபோனின், தனின் வகையறா. கசக்கும், துவர்க்கும், அளவு மீறினால் வயிற்றைப் பதம் பார்க்கும். இதெல்லாம் எனக்கு அன்றைக்கும் தெரியும். தெரிந்ததைச் சமையலில் பாவிக்கவேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

அவிந்து முடிந்தபோது தண்ணீர் சிவப்பாக இருக்கவில்லை. எங்கள் கிணற்று நீரின் உவர் அதைக் கருநாவல் நிறத்துக்குக் கொண்டுபோயிருந்தது. சீனியைக் கொட்டிக் கலக்கினேன். மேலே சோப்பு மாதிரி நுரை வந்தது.

"இது என்ன, சாக்குக் கழுவின தண்ணியா?" என்றாள் ஃபஸ்லியா.

"தேசிக்காய் விடக்குள்ள பாருங்க," என்றேன். அந்தக் கணத்தில் எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தாலும் என் காது சூடாகிறது.

நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு வேன் வந்தது. இஜாஸ், அவருடைய உம்மா, ஒரு சாச்சா. உம்மா படலையிலேயே நின்று வாய்க்குள் ஏதோ ஓதினார். ஓதி முடித்து நெஞ்சில் ஊதினார். மகனுடைய நெஞ்சிலும் ஊதினார். பிறகுதான் வலது காலை உள்ளே வைத்தார்.

ஹோலில் சாப்பாட்டுக்காகப் புதுப் பாய் விரித்து வைத்திருந்தோம். எங்கள் விருந்துகளில் எல்லோரும் பாயில் வட்டமாக அமர்ந்து சஹன் என்கிற பெரிய தட்டு ஒன்றில் சேர்ந்தே சாப்பிடுவது வழக்கம். உம்மா அந்தப் பாயைப் பார்த்தார். அதன் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு, சுவரை ஒட்டி நடந்துபோய், "எனக்குக் கதிரை ஒண்டு தாங்க" என்றார். மகனும் பாயை மிதிக்காமல் வருகிறாரா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"இந்தப் பக்கத்து மாப்பிள்ளைமார் தாய் வீட்டுக்குப் போறதே இல்லையாமே?" என்று கதையைத் தொடங்கினார்.

மாமி சிரித்துச் சமாளித்தார். "அதெப்பிடி? போவாங்க, வருவாங்க. எங்கட மூத்த மருமகன்ட உம்மா அக்கரைப்பற்றுத்தான். கிட்டத்தானே."

உம்மா என்னைப் பார்த்தார். "கடைசியா எப்பத் தம்பி போனீங்க?"

நான் யோசித்தேன். இன்னும் யோசித்தேன். பெருநாளைக்குப் போகவிருந்து மழை பெய்தது, அதற்கு முன்பு... நான் யோசித்துக்கொண்டிருந்த நேரம் அந்த உம்மாவுக்குப் போதுமான பதிலாக இருந்தது. அக்கரைப்பற்று பஸ்ஸில் கொஞ்ச நேரம். புத்தளம் நாட்டின் அடுத்த கரை.

அப்போது ஸம்ஹா வந்து ஸலாம் சொன்னாள். அதோடு எல்லாம் மாறியது. உம்மா அவளைக் கிட்ட அழைத்தார், கையைப் பிடித்தார், முகத்தைப் பார்த்தார். "மாஷா அல்லாஹ்" என்றார். "வா புள்ள, பக்கத்துல இரி" என்றார். என்ன சமைப்பாய், உம்மாவுக்கு உதவி செய்வாயா என்று கேட்டுக் கேட்டுச் சிரிக்கவும் தொடங்கினார். ஸம்ஹாவின் இறுகிய தோள்கள் தளர்வதைப் பார்த்தேன். மாமா சுவரில் சாய்ந்து மூச்சு விட்டார். சரிவந்துவிட்டது. எல்லாமே சரிவந்துவிட்டது.

எனவே நான் ஜக்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

"இது என்ன தம்பி?" என்றார் உம்மா.

"பூ."

"என்ன பூ?"

"மரத்தில பூக்கிற ஒண்டுதான். நீங்க பயப்பிடாதீங்க." (அதுவரை யாரும் பயப்படவில்லை.)

கரிய தண்ணீரை இஜாஸின் கிளாஸில் ஊற்றினேன். வகுப்பில் செய்வதுபோல, எல்லோருக்கும் தெரியும்படி கையை உயர்த்தித் தேசிக்காயைப் பிழிந்தேன். கருநாவல் நிறம் கலங்கி, கீழிருந்து மேலாகப் பளிச்சென்று மாணிக்கச் சிவப்பாகியது. வாழ்க்கையில் நான் செய்த பரிசோதனைகளில் அவ்வளவு அழகாக வந்தது வேறில்லை.

உம்மா முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டார். "நிறம் மாறுது!"

"மாறும்," என்றேன். "நாம என்னத்தப் போடுறமோ அதுக்கேத்த மாதிரி மாறும். எல்லாம் நம்மட கையிலதான் இரிக்கி."

இஜாஸ் மரியாதைக்காரப் பிள்ளை. கிளாஸை வாங்கி வாயில் வைத்தார். நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பரிசோதனை என்றால் மறுபக்கமும் காட்டவேண்டுமே. சேர்ட்டுப் பையில் மடித்து வைத்திருந்த சிறு பொட்டலத்தை எடுத்தேன். வெள்ளைக் கடதாசிப் பொட்டலம். உள்ளே வெள்ளைத் தூள். அப்பச்சோடாதான்; ஆனால் முன்பின் தெரியாத ஒருவன் தன் பையிலிருந்து பொட்டலம் எடுத்துப் பானத்தில் தூள் தூவினால் பார்ப்பவர் என்ன நினைப்பார் என்று நான் நினைக்கவில்லை. இன்னொரு கிளாஸிலும் ஊற்றித் தேசிக்காய் பிழிந்து, அதில் தூவினேன். பொங்கியது. நீலமாகி, நாட்பட்ட பாசி போலப் பச்சையாகியது. எல்லாக் கண்களும் என் கையில் இருந்தன.

உம்மாவின் கண்கள் மட்டும் மகனிடம் திரும்பின. மகனுடைய கிளாஸ் காலியாக இருந்தது.

"வைடா அத!" என்று கத்தினார். "என்ட புள்ளைக்கு என்னத்தக் குடுத்தீங்க?"

"ஒண்டுமில்ல உம்மா, அது அந்தோசயனின்..." அந்தப் பெயர் அவருக்கு எப்படிக் கேட்டதோ, முகம் இன்னும் வெளிறியது. நான் அவரை ஆறுதல்படுத்த முனைந்தேன். "உடம்புக்கு நல்லது. உடனே ஒண்டும் தெரியாது. இரத்தத்தில கலந்து மெதுவாத்தான் வேலை செய்யும்."

மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

"சிஹ்ர்!" என்றார் உம்மா. செய்வினைக்கு எங்கள் மார்க்கத்தில் சொல்லும் பெயர் அது. ஒரு முஸ்லிம் வீட்டுக்குள் நின்று சொல்லக்கூடிய ஆகப் பெரிய குற்றச்சாட்டு. "சொன்னாங்க, எல்லாரும் சொன்னாங்க. நான்தான் கேக்கல்ல."

"வல்லாஹி, இதுல ஒண்டும் இல்ல. பாருங்க, நானே குடிக்கன்," என்று ஜக்கைத் தூக்கினேன். கிளாஸில் ஊற்றிக் குடித்தால் போதாது என்று பட்டது. முழு ஜக்கையும் அண்ணாந்து குடித்தேன். அப்போதுதான் அதை முதன்முதலில் ருசி பார்த்தேன். சீனிக்கு அடியில் ஒரு கசப்பு இருந்தது. அது நாக்கில் தொடங்கித் தொண்டையைப் பிடித்துக் காது வரைக்கும் ஏறியது. முகத்தைச் சுளிக்காமல் சிரிக்க முயன்றேன். "பாத்தீங்களா? எனக்கு ஒண்டும்..."

வசனத்தை முடிக்கவில்லை. ஃபஸ்லியா சொன்ன நடுத்தண்டுகள் என் வயிற்றில் ஒன்றுகூடிக் கூட்டம் போட்டன. நான் சபையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, புதுப் பாயை மிதித்துக்கொண்டு, பின்பக்கம் ஓடினேன். கழிப்பறைக் கதவுக்கு உள்ளிருந்து உம்மாவின் குரல் கேட்டது:

"செஞ்சவருக்கே தாங்கல்ல, பாருங்க!"

நான் வெளியே வந்தபோது வேன் போய்விட்டிருந்தது. பாயின் நடுவில் சஹன், மேலே மூடிய துணி, ஓரத்தில் அச்சாறும் வட்டிலப்பமும். ஒரு பருக்கைகூட யாரும் தொடவில்லை. விருந்துக்கு வந்தவர் சோறு தொடாமல் எழும்பிப் போவது எங்கள் ஊரில் முகத்தில் துப்பியதற்குச் சமம். மாமி குசினியில் அடுப்பைப் பார்த்தபடி நின்றார். மாமா என்னைப் பார்த்துச் சொன்னார்:

"ரோஸ் சிறப் நல்லாத்தான் இரிந்திச்சி மருமகன்."

ஸம்ஹா ஒவ்வொரு கிளாஸாக எடுத்துக் கழுவினாள். பச்சைக் கிளாஸைக் கழுவும்போது கை நின்றது. நான் கிட்டப் போய், "ஸம்ஹா..." என்றேன்.

"உங்களோட கோபமில்ல மச்சான்," என்றாள். "கோபம் வந்தாவாச்சும் நல்லா இரிக்கும். அதுவும் வருகுதில்ல." குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நினைத்தாள். எனக்குக் கேட்டது. பகிடியாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் அந்த இடத்தை என்னால் இன்றைக்கும் பகிடியாக நினைக்க முடியவில்லை.

ஆறுதல் தேடி என் உம்மாவுக்குப் போன் எடுத்தேன். முழுக் கதையையும் கேட்டு உம்மா சிரிப்பார் என்று நினைத்தேன். உம்மா சிரிக்கவில்லை.

"அந்தப் பொம்புளையக் குறை சொல்லாத மகன்," என்றார் உம்மா. "உனக்கும் அவங்க என்னமோ குடுத்துத்தான் வச்சிரிக்காங்க எண்டு நான் எத்தின நாள் நினைச்சிரிக்கன்."

அடுத்து வந்த வாரங்கள் எங்கள் வீட்டில் நோன்பு காலத்தைவிட அமைதியாக இருந்தன. செய்தி மட்டும் ஊரெல்லாம் நடந்தது. வாட்ஸ்அப்பில் போய், திரும்பி எனக்கே வந்தபோது, நான் கொடுத்த கிளாஸிலிருந்து புகை கிளம்பியிருந்தது. புத்தளத்தில் இருந்தும் செய்தி வந்தது. உம்மா இஜாஸை லீவு போட வைத்து ஊருக்குக் கூட்டிப்போய், ஒரு லெப்பையிடம் ஓதின தண்ணீர் வாங்கிக் கொடுத்தாராம். தண்ணீரில் ஏறியதைத் தண்ணீரால் இறக்கும் முயற்சி. இறங்கவில்லை. இஜாஸ் ஒழுங்காகச் சாப்பிடவில்லை, யாரோடும் கதைக்கவில்லை, கேட்டால் "கல்முனை" என்று மட்டும் சொன்னாராம்.

உலகத்தில் வேறு எந்தத் தாயும் இதற்குப் பெயர் காதல் என்று கண்டுபிடித்திருப்பார். ஆனால் அந்த உம்மாவிடம் கண்ணால் கண்ட சாட்சி இருந்தது. சிவப்புத் தண்ணீர், பச்சைத் தண்ணீர், வெள்ளைத் தூள். மருந்து மெதுவாகத்தான் வேலை செய்யும் என்று செய்தவனே வாயால் சொல்லியிருக்கிறான். அவர்களுடைய குடும்பத்தில் ஒரு பெரியம்மா தீர்ப்புச் சொன்னார்: உள்ளே போன மருந்தை இனி எடுக்க ஏலாது, பிரித்து வைத்தால் பிள்ளைக்குப் பைத்தியம் பிடிக்கும், கட்டி வைத்தால் அடங்கும்.

ஒருநாள் மாமாவின் போன் அடித்தது. மாமா "ஓம்", "ஓம்", "இன்ஷா அல்லாஹ்" என்று மட்டும் சொன்னார். வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"கட்டி வைக்கட்டாம்," என்றார். "ஆனா ஒரு கண்டிஷன். பூக்காரன் சாப்பாட்டுப் பக்கம் வரக்கூடாதாம்."

ஸம்ஹா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இந்த முறை சத்தமாகவே அழுதாள். வரவிருந்த கலியாணத்தைக் கெடுத்ததும் நான், கெட்ட கலியாணத்தை நடத்தி வைத்ததும் நான் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. "கெமிஸ்ட்ரி..." என்று தொடங்கினேன். ஃபஸ்லியா என் வாயைப் பொத்தினாள்.

கலியாண விருந்தில் ஒரு சஹனுக்கு ஐந்தாறு பேர். புத்தளத்துக்காரர் யாரும் என்னோடு ஒரே சஹனில் கை வைக்கத் தயாராக இல்லை. எங்கள் ஊரவர்களும் எதற்கு வம்பு என்று தள்ளி அமர்ந்தார்கள். கடைசியில் ஒரு மூலையில், ஒரு முழுச் சஹனுக்கு முன்னால் நான் தனியாக அமர்ந்தேன். ஐந்து பேர் சோறு, ஐந்து பேர் இறைச்சி, ஐந்து முட்டை. கல்முனைக் கரையில் அந்த மரியாதை வேறு எவருக்கும் கிடைத்ததாக நான் கேள்விப்படவில்லை.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ஒருநாள் அடுத்த தெருவில் இருந்து ஒரு பெண்மணி வந்தார். அவருடைய மருமகன் கட்டாருக்குப் போகப்போகிறேன் என்று நிற்கிறாராம். "சேர், அந்தத் தண்ணில கொஞ்சம் தந்தீங்கண்டா..."

நான் அவரை உட்கார வைத்து, அந்தோசயனின் என்றால் என்ன, அது அமிலத்தில் ஏன் சிவக்கிறது, காரத்தில் ஏன் பச்சையாகிறது, இதற்கும் மருமகன்மாருக்கும் ஏன் ஒரு தொடர்பும் இல்லை என்று பொறுமையாக விளக்கினேன். அவர் கவனமாகத் தலையாட்டினார்.

"ஓம் சேர், விளங்குது. அந்தப் பேர வெளிய சொல்லக்கூடாதுதானே."

விடிந்து பார்த்தால் எங்கள் செவ்வகத்தியில் கைக்கெட்டிய கிளைகளில் ஒரு பூ இல்லை. அந்த மருமகன் கட்டாருக்குப் போகவில்லை என்பது வேறு விடயம். (விசா வரவில்லை. அதை யார் நம்புகிறார்கள்?)

உண்மை வெளியே வந்தது ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். இஜாஸும் நானும் குசினிப் படியில் இருந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தோம். அவருக்கு அதற்குள் மூத்த பிள்ளையே பிறந்துவிட்டது. என்னை, அண்ணன் என்ற முறையில், நானா என்றுதான் கூப்பிடுவார்.

"நானா, ஒண்டு சொல்லட்டா? அண்டைக்கு உங்கட தண்ணிய நான் குடிக்கல்ல."

"என்ன?"

"ஒரு சொட்டு நாக்குல பட்டிச்சி. அல்லாஹ்வே, என்ன கசப்பு! எல்லாரும் உங்கட பச்சைத் தண்ணியப் பார்க்கக்குள்ள பின்னால ஜன்னலால ஊத்திட்டன்."

என் கையில் இருந்த பிளேன்ரீ ஆறியது. இத்தனை காலம் சூனியக்காரன் என்று பெயர் சுமந்தவன் நான். தனிச் சஹனில் சோறு தின்றவன் நான். "இத உம்மாட்டச் சொல்லியிரிக்கலாமே இஜாஸ்!"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "சொன்னா உம்மா கேப்பா நானா, மருந்து குடிக்கல்லண்டா ஏன் வந்த எண்டு. நானே விரும்பித்தான் அவவ விட்டுட்டு வந்தன் எண்டு எப்பிடிச் சொல்ற? இப்ப அவட கணக்கில நான் நல்ல புள்ள. நீங்கதான் கெட்டவர்."

"அதனால?"

"கொஞ்சம் கெட்டவராவே இரிங்களன்."

நான் இருந்துவிட்டேன். அதனால்தான் இன்றைக்கும் எங்கள் வீட்டில் நான் ஏதாவது பூவைப் பறித்துக்கொண்டு உள்ளே வந்தால் எல்லோரும் அவரவர் கிளாஸைக் கையால் மூடிக்கொள்கிறார்கள். இஜாஸின் பிள்ளைகூட மூடுகிறது. புத்தளத்து உம்மா வருடத்துக்கு ஒருமுறை வருவார். வரும்போது குடிதண்ணீரைப் போத்தலில் கொண்டுவருவார். முடிந்ததும் கடையில் வாங்குவார். பாயில் மட்டும் இப்போது அமர்கிறார். பேரப்பிள்ளை மடியில் ஏற வேண்டுமே.

போன தடவை அவர் திரும்பிப் போகும் நாள். வேன் வாசலில் நின்றது. இஜாஸ் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். உம்மா மெல்ல என் பக்கத்தில் வந்து நின்றார். அத்தனை வருடத்தில் அவர் என்னோடு தனியாகக் கதைத்ததில்லை. சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, உங்கள நான் குறை சொல்லல்ல. அவன் நல்லாத்தான் இரிக்கான்." பை ஏற்றும் மகனைப் பார்த்தார். "ஒட்ட வைக்கப் பூ இரிக்கிற மாதிரி, திருப்பி அனுப்பவும் ஏதாச்சும் பூ இரிக்குமே? கனக்க வேணாம். பெருநாளைக்குப் பெருநாள், ரெண்டு நாளைக்கு வந்துட்டுப் போற அளவுக்கு."

பல்கலைக்கழகத்தில் நான் படித்ததில் அதற்குப் பதில் இல்லை.

"இரிக்கி உம்மா," என்றேன். "நான் செஞ்சி குடுக்கன்."

வேன் தெருமுனை திரும்பும்வரை கையசைத்துவிட்டு இஜாஸ் உள்ளே வந்தார். அவரைப் பிடித்துக் கதிரையில் இருத்தி, உம்மா கேட்டதைச் சொன்னேன். மரத்தில் கடைசியாக எஞ்சியிருந்த பூக்களை, நடுத்தண்டு ஒன்றும் எடுக்காமல், அவித்து ஒரு கிளாஸ் நிறைய அவர் முன்னால் வைத்தேன்.

"குடிங்க," என்றேன். "இந்தத் தடவை ஜன்னலப் பூட்டிட்டன்."

வந்த பெருநாளைக்கு அவர் புத்தளத்தில் இருந்தார். நான் அக்கரைப்பற்றில் இருந்தேன்.